மழைக்குக் கட்டிய துண்டு

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் சுப்ரமணியன் அவர்களே! மாட்டுங்காவிலிருந்து இந்த மழையிலும் வந்து சேர்ந்த வக்கீல் அனந்தகிருஷ்ணன் அவர்களே! தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பொருநை அயர்ன் ஒர்க்ஸ் தொழிலாளத் தம்பிமாரே! தூணுக்குப் பின்னால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நிற்கும் தாய்மாரே! உங்கள் எல்லோருக்கும் மீனாட்சியம்மாளின் கும்பிடு.

கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் என் குரல் கடைசி வரைக்கும் வருகிறதா? வருகிறதா! சரி.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் படித்தவர்கள். அழகாகப் பேசினார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இந்த மைக்கைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். துக்கத்தால் எழுந்து வந்தேன் என்று நினைக்காதீர்கள். துக்கம் எழுப்பாது, அமுக்கும். என்னை எழுப்பியது பயம். என்ன பயம் என்பதைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

மறைந்தவர் யார்? உயர்திரு வானமாமலை அவர்கள், பொருநை அயர்ன் ஒர்க்ஸ் நிறுவனர், 'எடைக்கல் வானமாமலை' என்று பைகுல்லா மார்க்கெட் வரை பெயர் வாங்கியவர். மேடைக்காக ஒரு தடவை 'அவர்' போட்டுச் சொல்லிவிட்டேன். இனி எனக்கு வாய் வராது. அவன் என் தம்பி. என் இடுப்பில் இருந்து வளர்ந்தவன். அவனுக்கு முன்னால் நான் போயிருக்க வேண்டும்.

தலைவர் சற்றுமுன், "இந்த மன்றத்தின் தூண் சாய்ந்துவிட்டது" என்றார். நல்ல வார்த்தை. ஆனால் நாற்பத்தொன்பதாம் வருஷத்துப் பொங்கல் விழாவில் அந்தத் தூண் எங்கே நின்றது, தெரியுமா? செருப்பு விடுகிற இடத்தில்! சட்டையில் கரி இருக்கிறதாம். வெள்ளை வேட்டிக்காரர்கள் மேல் பட்டுவிடுமாம். "அங்ஙனயே நில்லுமய்யா, பொங்கலை அங்க கொண்டாந்து தாரோம்" என்று ஒருவர் சொன்னார். தலைவரே, நீங்கள் தலை குனிய வேண்டாம். சொன்னது நீங்கள் இல்லை, உங்கள் மச்சான். அவரும் வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில், கையில் மாலையோடு. வரட்டும். மாலை போடட்டும். நான் மறக்கவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போடட்டும்.

பம்பாய்க்கு வந்தபோது என் தம்பியிடம் என்ன இருந்தது? ஒரு துருத்தியும் வாய்க்கொழுப்பும்தான் இருந்தன. தாராவியில் எங்கள் சால் குடியிருப்புக்குப் பின்னால் தகரத்தைச் சாய்த்துக் கட்டி, பழைய இரும்பை உருக்கிக் கிணற்றுக் கப்பி வார்த்தான். புகை என்று சண்டைக்குப் போகாத பெண் அந்தச் சாலில் இல்லை. நானே போயிருக்கிறேன்.

"ஏல, ஒரு துணி காயப்போட முடியல. உன் கப்பியைத் தூக்கிக்கிட்டுப் போயி மாஹிம் கடல்ல போடு!" என்றேன்.

"யக்கா, ஒரு நா இந்தப் பம்பாயே நான் வார்த்த கல்லுல நிறுத்துதான் அரிசி வாங்கும். அன்னைக்கு நீ வந்து என்கிட்ட மன்னிப்புக் கேளு" என்றான்.

சிரித்தேன். நடந்ததா, இல்லையா? சேர் எடை போய்க் கிலோ வந்ததே, அப்போது நடந்தது! பழைய கல் இனிச் செல்லாது என்று சர்க்கார் சொல்லிவிட்டது. ஊரில் உள்ள அத்தனை கடைக்கும் புதுக் கல் வேண்டும். யார் வார்ப்பது? என் தம்பி வார்த்தான். செம்பூரில் ஷெட் வந்தது. பெரிய உலை வந்தது. வாசலில் லாரி வரிசையாக நின்றது. இன்றைக்கு நீங்கள் 'சொத்து, சொத்து' என்று காதோடு காதாகப் பேசுகிறீர்களே, அது வேறெங்கிருந்தும் வரவில்லை. ஏழை வீட்டு அரிசி குறையாமல் நிறுக்கப்பட வேண்டும் என்று ஒருவன் உலைச் சூட்டில் வெந்தான், அதிலிருந்து வந்தது.

அந்தக் காலத்துக் கதை ஒன்று சொல்லவேண்டும். காரணம் இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். இதோ வாசல் பக்கம் நிற்கிறாரே, தாராவி அரிசிக்கடை ஜெயினுலாப்தீன் பாய், அவர் மட்டும் புதுக் கல் வாங்கமாட்டேன் என்று அடம் பிடித்தார். தன் தகப்பனார் வைத்திருந்த சேர்க்கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்.

"வாப்பா கை பட்ட கல்லு, தம்பி. இதைத் தூக்கி எறிய எனக்கு மனசு இல்ல. போலீசு வந்தா வரட்டும்" என்றார்.

"எறிய வேண்டாம் பாய். நீங்க நின்னு பாருங்க. நான் இதைத் தனியா மூசைச் சட்டியில போட்டு உருக்குதேன். கிலோவுக்குக் குறையுததை என் இரும்பு போட்டு நிரப்பித் தாரேன். வாப்பா அதுக்குள்ளயேதான் இருப்பாரு, எங்கயும் போகமாட்டாரு" என்றான் என் தம்பி.

பாய் மூசைக்கு முன்னால் நின்று அழுதார். கேட்டால் புகை என்றார். ஆறுவதற்குள் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டார். அந்தக் கல் இன்றும் அவர் தராசில் இருக்கிறது. அன்றிலிருந்து பாய் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாக வந்து நிற்கிறார். என் தம்பியைச் சயான் சுடுகாட்டுக்குக் கொண்டு போனபோதும் கொட்டுகிற மழையில் கூடவே போனார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எடைக்கல்லை யாராலும் சரியான எடைக்கு வார்க்க முடியாது. கொஞ்சம் குறைவாகத்தான் வார்ப்பார்கள். அடியில் ஒரு குழி விட்டிருப்பார்கள். அந்தக் குழியில் ஈயம் ஊற்றி, தட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்து எடையை நிறைவாக்க வேண்டும். சர்க்கார் முத்திரை அந்த ஈயத்தின் மேல்தான் விழும். ஈயம் ஊற்றுகிற கை பிசகினால் கல் பொய் சொல்லும். ஈயம் ஊற்றுகிற அறையை என் தம்பி யாரை நம்பி விட்டான்? தன் ஒரே மகள் செண்பகவல்லியை நம்பி விட்டான்! தாயில்லாப் பெண். மெட்ரிக் முடித்த கையோடு வந்து உட்கார்ந்தவள், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. "பொட்டப்பிள்ளைய ஈயச் சட்டி முன்னால உக்கார வச்சிருக்கியே, யாரு வந்து கட்டுவா?" என்று என் மதினி கேட்டாள். "கட்டுதவன் வரட்டும். முதல்ல அவனைத் தராசுல ஏத்திப் பாக்கேன்" என்றான் அவன்.

அந்த மதினி யார்? எங்கள் அண்ணன் மனைவி. நம்பிராஜனின் தாயார். என் தம்பி மகள் சடங்குக்கு என்னிடம் வாங்கிப் போன பெரிய இட்லிக் கொப்பரையை இன்றுவரை திருப்பித் தராதவள். அதை இந்த இடத்தில் சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

நம்பிராஜனை உங்களுக்குத் தெரியும். முதல் வரிசையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கிறான். என் தம்பிக்கு ஆண் பிள்ளை இல்லாததால் சித்தப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன். அவனைக் குறை சொல்ல நான் எழுந்திருக்கவில்லை. அவன் அழுதது பொய்யில்லை. கடை கடையாகப் போய் நம் கல்லை விற்றவன் அவன். அவன் கால் தேயாமல் இந்த ஆலை வளரவில்லை. ஆனாலும் என் பயம் அவனிடமிருந்துதான் தொடங்குகிறது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கே வந்திருக்கும் மாட்டுங்காக்காரர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்குப் பெரியவர் போய்விட்டால், கருமாதி அன்று, அடுத்துப் பொறுப்பெடுக்கிறவன் தலையில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் தாய்மாமன் கோடித் துணியால், அதாவது புதுத் துணியால், தலைப்பாகை கட்டிவிடுவான். உருமா என்போம். உருமா யார் தலையில் ஏறியதோ அவன்தான் இனி வீட்டுக்கும் தொழிலுக்கும் தலைவன். கோர்ட்டு வேண்டாம், காகிதம் வேண்டாம். ஊர் ஒப்புக்கொள்ளும்.

கருமாதி எப்போது? நாளைக்கு. ஆனால் உருமா கட்டியாகிவிட்டது என்று தாராவி முழுக்கப் பேச்சு! சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதே நம்பிராஜன் தலையில் இருந்ததாம். கட்டியது யார்? பூலோகம். செண்பகவல்லியின் சொந்தத் தாய்மாமன்! அவன் கையே கட்டிவிட்ட பிறகு யார் என்ன பேசுவார்கள்? 'இது என்ன, கருமாதிக்கு முன்னாலேயே உருமாவா?' என்று ஒருவராவது கேட்டீர்களா? கேட்கமாட்டீர்கள். ஏன்? பம்பாயில் நமக்கு லீவு கிடையாது. பதினாறாம் நாள் செய்ய வேண்டியதை மூன்றாம் நாளே முடித்துவிட்டு மில்லுக்கு ஓடுகிறவர்கள் நாம். சடங்கைச் சுருக்கிச் சுருக்கிப் பழகிப்போனதால், சுடுகாட்டிலேயே முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டீர்கள். மறுநாள் ஷெட்டு வாசலில் உலை மேஸ்திரி இசக்கி நம்பிராஜனைக் கையெடுத்துக் கும்பிட்டு, "மொதலாளி, உலை எப்ப மூட்ட?" என்று கேட்டான். நம்பி என்ன சொன்னான்?

"உலை இனி வேண்டாம்ணே. எடத்துக்குப் பார்ட்டி வந்திருக்கு. பெயிண்டு கம்பெனி. சித்தப்பா இருந்த வரைக்கும் சரி. இனி யாரு அந்தச் சூட்டுல கெடந்து சாகுதது?"

அன்றிலிருந்து உலை குளிர்ந்து கிடக்கிறது. தம்பிமாரே, உங்கள் வீட்டுப் பெண்கள் என்னிடம் வந்து அழுகிறார்கள். நான் என்ன சொல்வேன்?

வக்கீல் ஐயாவிடம் போய்க் கேட்டேன். அவர் நாலு பேர் அறியச் சொல்லட்டும், இல்லை, நானே சொல்கிறேன். என் தம்பி உயில் எழுதவில்லை. மனைவி இல்லை. எங்கள் தாயார் இல்லை. மகள் இருக்கிறாள். புதுச் சட்டப்படி எல்லாம் அவளுக்குத்தான். அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. சரிதானே ஐயா? தலையாட்டுகிறார்.

அப்பாடா என்று ஷெட்டு ஈய அறைக்கு ஓடினேன். ஈயச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி.

"எட்டி, சொத்து ஒனக்குத்தானாம். கையெழுத்துப் போடாத!" என்றேன்.

"போடத்தான் போறேன் அத்தை. கருமாதி முடிஞ்ச மறுநாள் கம்பெனிக்காரங்க வரச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"ஏன்டி?"

"எங்க மாமாவே அண்ணன் தலையில கட்டிட்டாரு. எங்க அம்மா கூடப் பொறந்தவரு. என்னால ஆலையை நடத்த முடியாதுன்னு அவருக்கே தோணியிருக்கு. அதுக்கு மேல சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நான் யாருகிட்ட சண்டைக்கு நிக்க?"

கேட்டீர்களா! அப்பன் நம்பிக்கையோடு ஈய அறையைக் கொடுத்த பெண், மாமன் கையைப் பார்த்துத் தன் கையையே நம்பாமல் போய்விட்டாள்! அந்த ராத்திரியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பூலோகத்தைத் தேடிப் போனால் வீட்டில் இல்லை. பாண்டுப்பில் அக்கா வீட்டில் என்றார்கள். அங்கே ஆள் அனுப்பினால் அங்கேயும் இல்லை. ஏன் ஒளிகிறான்? யாரிடம் என்ன வாங்கிக்கொண்டான்? பாவி, கூடப்பிறந்தவள் மகளை விற்றுவிட்டானே என்று வாய்க்கு வந்தபடி சபித்தேன்.

இன்று காலையில் ஜெயினுலாப்தீன் பாய் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. குடையை மடக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

"யக்கா, ஒரு விசயம். சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வரல. அந்தத் துண்டு என்னோடது."

"எந்தத் துண்டு பாய்?"

"நம்பி தலையில கட்டியிருந்ததுதான். எல்லாரும் உருமா, உருமாங்கிறாங்களே, அது என் கடைத் துண்டுக்கா! சுடுகாட்டுல மொட்டை அடிச்சு முடிச்சதும் மழை ஊத்துச்சு. புள்ளை உதறுது. பூலோகம் அங்கயும் இங்கயும் பாத்தாரு. என் தோள்ல கெடந்த துண்டை 'குடுங்க பாய்'னு உருவி, 'பச்சை மண்டைல தண்ணி பட்டா காய்ச்சல் வந்துரும்'னு சொல்லி அவன் தலையில சுத்திவிட்டாரு. அவ்வளவுதான். அந்தப் புள்ளை உடனே அவரு கால்ல விழுந்து அழுதுச்சு. நான் துக்கத்துல விழுதுன்னு நெனச்சேன். ஒரு ஓரத்துல பாருங்க, மொளகாப்பொடிக் கறை இருக்கும்."

கேளுங்கள் அவையோரே! நன்றாகக் கேளுங்கள்! நம் ஆலையின் தலைவிதியை எழுதியது எது? அரிசிக்கடைத் துண்டு! மிளகாய்ப்பொடிக் கறைத் துண்டு! தாய்மாமன் கொண்டுவந்த கோடித் துணி எங்கே? மஞ்சள் எங்கே? கூடி நின்ற பங்காளிகள் எங்கே? மழைக்குக் கட்டியதையா மகுடம் என்று நினைத்தோம்?

பூலோகம், அந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்தது போதும். வேட்டி நுனி தெரிகிறது. எழுந்து நில். நீ உருமாவா கட்டினாய்?

தலையை ஆட்டினால் எப்படி? மைக்கில் தலையாட்டல் கேட்காது. வாயைத் திறந்து சொல்.

"மழைக்குத்தான்க்கா கட்டினேன்."

இன்னும் சத்தமாக!

"மழைக்கு! மழைக்குத்தான்! எல்லாரும் 'நல்ல காரியம் பண்ணினீரு'ன்னு கையப் புடிச்சாங்க. அந்தப் புள்ளையும் கால்ல விழுந்துட்டான். அதுக்குப் பொறவு எப்படிக்கா இல்லைன்னு சொல்ல?"

உட்கார். உன்னைச் சபித்ததை வாபஸ் வாங்கிக்கொண்டேன். முழுவதும் இல்லை. ஒளிந்ததற்குப் பாதி மிச்சம் இருக்கிறது.

யாரும் சிரிக்காதீர்கள். சிரிப்பதற்கு நான் இதைச் சொல்லவில்லை. ஏனென்றால் நம்பியும் உங்களைப்போலத்தான் நினைத்தான். அவன் திருடவில்லை. செண்பகவல்லியின் தாய்மாமனே தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று நம்பினான். இதோ பாருங்கள், அந்தத் துண்டைத் துவைத்து, மடித்து, இன்றைக்குத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கறை போகவில்லை. இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது.

ஏல நம்பி. அத்தை சொல்லுதேன். பழையதெல்லாம் மறக்காதவள் அத்தை என்று உனக்குத் தெரியும். உன் தாயார்மேல் எனக்குக் கோபம் உண்டு. செத்துப்போன உன் தகப்பன்மேலும் உண்டு. உன்மேல் இதுவரை இல்லை. இனிமேல் வர வைத்துவிடாதே. அந்தத் துண்டை எடுத்து, பாய் கையில் கொடு. நீ கொடுக்கிற வரைக்கும் நான் இந்த மைக்கை விடமாட்டேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.

செண்பகவல்லி, நீ ஏன் அழுகிறாய்? நிமிர்ந்து பார். உன் மாமன் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பிள்ளையின் தலை நனையக் கூடாது என்று நினைத்தான், அவ்வளவுதான்.

பெண்ணுக்கு உருமா கட்டுகிற வழக்கம் நம்மிடம் இல்லை என்பீர்கள். இல்லைதான். நான் புது வழக்கம் கொண்டுவர இங்கே நிற்கவில்லை. தலையில் கட்ட வேண்டாம். நாளைக்குக் கருமாதியில் பூலோகம் கோடித் துணி எடுத்து வந்து மருமகள் கையில் கொடுக்கட்டும். அவள் அதைக் கொண்டுபோய் அவள் அப்பன் நாற்காலியில் விரிக்கட்டும். பிறகு உலையை மூட்டட்டும். மூட்டுவது பெண் கை என்று எவனாவது முனகினால், அவன் வீட்டு அடுப்பைத் தினமும் மூட்டுவது யார் என்று என்னிடம் வந்து சொல்லட்டும்!

இசக்கி! நாளைக்குச் செண்பகவல்லி 'மூட்டு' என்றால் உலையை மூட்டுவாயா, மாட்டாயா?

"மூட்டுவேன் பெரியம்மா! நாங்க எல்லாரும் நிப்போம்!"

எல்லோரும் கை தூக்கினீர்கள். இதுதான் எனக்கு வேண்டும். மற்ற இரங்கல் எல்லாம் எனக்கு வேண்டாம். என் தம்பி எந்தக் கல்லையும் குறைவாகத்தான் வார்த்தான். குறைவாக விட்டு வெளியே அனுப்பியதில்லை. இப்போது அவனே பாதியில் போய்விட்டான். அவன் விட்ட குழியை நாம்தான் நிரப்ப வேண்டும். நிரப்புவோம் என்று அவன் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். நான் இருக்கிற வரை தினமும் அந்த ஷெட்டு வாசலில் வந்து உட்காருவேன். விற்க வருகிறவனும் வாங்க வருகிறவனும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.

நம்பி, உனக்கும் அங்கே இடம் உண்டு. நான் சொல்லவில்லை, இதோ உன் தங்கச்சி சொல்கிறாள். "அண்ணன் போகக் கூடாது அத்தை. கடைக்காரங்களுக்கு அவரைத்தான் தெரியும்" என்கிறாள்.

எழுந்துவிட்டான்.

வாசல் பக்கம் போகிறான். வழி விடுங்கள் தம்பிமாரே. யாரும் பிடிக்காதீர்கள். பாயும் வாசலில்தான் நிற்கிறார். இவன் எங்கே போகிறான் என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. யாராவது அந்த விளக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கள்.

கொடுத்துவிட்டான். பாய் வாங்கிக்கொண்டார். உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான், நான் இறங்குகிறேன். என் தம்பிக்கு இனி நிம்மதியாகத் தூக்கம் வரும்.

நம்பி, நில். வெளியே மழை கொட்டுகிறது. தலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. யாரும் அவனுக்குத் துண்டு கொடுக்காதீர்கள்! தூணோரம் என் குடை இருக்கிறது. அதைக் கொடுங்கள்.